ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகள் யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கிட்டாரில் தொடங்கும், அரை மணி நேரத்தில் ஒப்பந்தத்தில் வந்து நிற்கும். இந்தப் பாட்டு ஏன் அந்தத் தொகுப்பில் இல்லை, ஒரே பெயரில் வந்த ஆல்பத்துக்கு லண்டனில் ஒரு பட்டியலும் நியூயார்க்கில் வேறு பட்டியலும் ஏன், பழைய தட்டுகளில் நாக்குச் சின்னம் ஏன் இல்லை என்று எதைக் கேட்டாலும், 1963-க்கும் 1972-க்கும் இடையில் போடப்பட்ட சில கையெழுத்துகளைத் தேடித்தான் போகவேண்டியிருக்கிறது. புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' ஸ்டோன்ஸுக்குச் சொந்தம்தானே?

இல்லை. எழுதியவர்கள் குழுவின் பாடகர் மிக் ஜாகரும் கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸும். எழுதியதற்கான ராயல்டி அவர்களுக்குப் போகிறது. ஆனால் அந்த ஒலிப்பதிவும் பாட்டின் வெளியீட்டு உரிமையும் நியூயார்க்கில் இருக்கும் ஆப்கோ என்ற நிறுவனத்திடம் உள்ளன. 'பெயின்ட் இட் பிளாக்', 'ரூபி ட்யூஸ்டே', 'ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ்', 'சிம்பதி ஃபார் த டெவில்', 'கிம்மி ஷெல்டர்' என்று அறுபதுகளில் அவர்கள் எழுதிப் பேர்வாங்கிய எதைச் சொன்னாலும் கதை இதுதான்.

பாட்டு ஒன்று, உரிமை மட்டும் எப்படி இரண்டு?

சொல்லும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒரு சொத்து, வெளியீட்டு உரிமை என்பது இதன் உரிமை. அதை ஒரு நாள் ஸ்டுடியோவில் பாடிப் பதித்த நாடா இன்னொரு சொத்து. பின்னதைத்தான் மாஸ்டர் என்பார்கள். வேறொருவர் அதே பாட்டைத் தன் குரலில் பாடி வெளியிட்டால் முதல் சொத்துக்காரருக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். ஒரு சினிமாவில் ஸ்டோன்ஸ் பாடியதே ஒலிக்க வேண்டும் என்றால் இரண்டு சொத்துக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். அறுபதுகளின் பாட்டுகளைப் பொறுத்தவரை இரண்டு கதவுக்கும் சாவி ஆப்கோவிடம்.

டெக்கா நிறுவனத்தில் எப்படிச் சேர்ந்தார்கள்?

ஒரு பழைய தவறுக்குப் பரிகாரமாக. 1962-ல் பீட்டில்ஸை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனம் டெக்கா. அந்தப் பழி டிக் ரோ என்ற அதிகாரியின் தலையில் விழுந்தது. 1963 மே மாதம் லிவர்பூலில் நடந்த ஒரு போட்டியில் அவரும் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் நடுவர்களாக உட்கார்ந்திருந்தபோது, ரிச்மண்டில் வாசிக்கும் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற குழுவைப் போய்ப் பாருங்கள் என்று ஹாரிசன் சொன்னார். ரோ இந்த முறை தாமதிக்கவில்லை.

ஆனால் குழுவுக்கு அதற்குள் மேனேஜர்கள் வந்துவிட்டார்கள். ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற 19 வயது விளம்பரக்காரர், அவருக்குத் துணையாக எரிக் ஈஸ்டன் என்ற அனுபவசாலி. டெக்காவின் செலவில் பதித்தால் நாடா டெக்காவுக்குச் சொந்தமாகிவிடும், சொந்தச் செலவில் பதித்துக் குத்தகைக்கு விடு என்பது அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ஓல்டமுக்குச் சொன்ன யோசனை. அப்படியே செய்தார்கள். இம்பாக்ட் சவுண்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கி, நாடாவை அதன் பெயரில் வைத்து, டெக்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்து பிரிட்டனில் இது பெரிய சாமர்த்தியம். பீட்டில்ஸுக்குக்கூட இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஒரே ஒரு குறை: நிலம் பெரிய கம்பெனிக்குப் போகாமல் காப்பாற்றப்பட்டது சரி, ஆனால் பட்டா உழுதவர்கள் பெயரில் இல்லை. மேனேஜர்களின் கம்பெனி பெயரில் இருந்தது. பின்னால் வந்த அத்தனைக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

ஆரம்பத்தில் அவர்கள் சொந்தப் பாட்டு எழுதவே இல்லையாமே?

ஆமாம். 1963 ஜூனில் வந்த முதல் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) 'கம் ஆன்' அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியின் பாட்டு. இரண்டாவதான 'ஐ வானா பி யுவர் மேன்' பீட்டில்ஸின் லென்னனும் மெக்கார்ட்னியும் கொடுத்தது. ஒத்திகை நடந்த இடத்துக்கு வந்து, மிச்சமிருந்த பகுதியை அங்கேயே ஒரு ஓரமாகப் போய் முடித்துக் கொடுத்தார்களாம். 1964 ஜூலையில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பாபி வோமாக்கும் ஷர்லி வோமாக்கும் எழுதியது.

அடுத்தவர் பாட்டைப் பாடினால் எழுதிய காசு அடுத்தவருக்கே போகும் என்பது ஓல்டமுக்கு உறுத்தியது. ஜாகரையும் ரிச்சர்ட்ஸையும் சமையலறையில் பூட்டிவைத்து, பாட்டோடு வந்தால்தான் வெளியே விடுவேன் என்றாராம். மசாலா கொஞ்சம் தூக்கலான கதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, தொடக்க கால முயற்சிகளில் ஒன்றான 'ஆஸ் டியர்ஸ் கோ பை' 1964-ல் பாடகி மரியன் ஃபெய்த்ஃபுல் குரலில் முதலில் வந்தது. ஜாகர்–ரிச்சர்ட்ஸ் எழுதியதை பிரிட்டனில் சிங்கிளின் முதல் பக்கத்தில் போடும் தைரியம் 1965-ல் 'த லாஸ்ட் டைம்' வரும்போதுதான் வந்தது.

தட்டுகளில் 'நேங்கர் ஃபெல்ஜ்' என்று ஒரு பெயர் வருகிறதே, யார் அவர்?

அப்படி ஒரு ஆள் கிடையாது. குழுவாகச் சேர்ந்து உருவாக்கிய பாட்டுகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறு வேஷத்தில் திரும்பி வரும்.

'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' தூக்கத்தில் பிறந்தது என்பது உண்மையா?

ரிச்சர்ட்ஸ் அப்படித்தான் சொல்கிறார். நடு இரவில் எழுந்து அந்த கிட்டார் வரியை கேசட்டில் பதித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டாராம். காலையில் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் கிட்டாரும் நிறைய குறட்டையும். 1965 மே மாதம் சிகாகோவில் ஒருமுறை முயன்று, இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டில் பதித்தார்கள். அந்த கரகரப்பான ஒலி மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற மிதிபெட்டியிலிருந்து வருவது. அங்கே பித்தளைக் கருவிகளை வைக்கலாம், இது வெறும் மாதிரிதான் என்று ரிச்சர்ட்ஸ் நினைத்திருந்தார். மற்றவர்கள் கேட்கவில்லை, மாதிரியே தட்டாக வெளிவந்தது.

ஆலன் கிளைன் அப்படி என்னதான் செய்தார்?

நியூயார்க்கின் கணக்கர். இசைக் கம்பெனிகளின் பேரேடுகளைப் புரட்டி, பாடகருக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கண்டுபிடித்துக் கறப்பதில் கெட்டிக்காரர். 1965-ல் ஓல்டம் அவரைக் கொண்டுவந்தார். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் பின்னால் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி டெக்கா அலுவலகத்துக்குக் கூட்டிப் போனதை ரிச்சர்ட்ஸ் பின்னாளில் ரசித்துச் சொல்லியிருக்கிறார். கிளைன் வாங்கிக் கொடுத்த முன்பணம் 12.5 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் எந்த பிரிட்டிஷ் குழுவும் கனவிலும் காணாத தொகை.

சரி, பணம் எங்கே போனது? நேங்கர் ஃபெல்ஜ் மியூசிக் என்ற கம்பெனிக்கு. பிரிட்டனில் அதே பெயரில் குழுவுக்கு ஒரு கம்பெனி இருந்தது. ஆனால் பணம் போனது அமெரிக்காவில் பதிவான நேங்கர் ஃபெல்ஜுக்கு. அதன் உரிமையாளர் கிளைன். பெயர் ஒன்றாக இருந்ததால் தங்கள் பெட்டியில்தான் விழுகிறது என்று பையன்கள் நம்பிவிட்டார்கள். தொகையையும் பல ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருவதாக ஏற்பாடு. லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் படித்த ஜாகரே இதைக் கவனிக்கவில்லை என்பதை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

அப்புறம் ஓல்டம் குழுவை விட்டு விலகினார். பணமுடையில் இருந்த அவர் தன் பங்கை கிளைனிடமே விற்றார். குத்தகை நிலத்தின் பட்டா இப்படித்தான் கைமாறியது. ஆலன், பெட்டி கிளைன் தம்பதியின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகளால் ஆனதுதான் ஆப்கோ என்ற பெயர். அந்த நிறுவனம் இன்றும் குடும்பத்திடமே இருக்கிறது. கிளைன் 2009-ல் இறந்துவிட்டார்.

விஷயம் புரிந்ததும் குழு ரூபர்ட் லோவன்ஸ்டைன் என்ற வங்கியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விலகியது. 1971-ல் வழக்கு, 1972-ல் சமரசம். விடுதலை கிடைத்தது. அறுபதுகள் மட்டும் கிளைனோடு தங்கிவிட்டன. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது இவர்களுக்கு அப்படியே பொருந்தாது, எழுதிய ராயல்டி மிஞ்சியதே. ஆனால் தன் நாடாவை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை மிஞ்சவில்லை.

பிரிட்டிஷ் ஆல்பமும் அமெரிக்க ஆல்பமும் ஏன் வேறு வேறு?

வியாபாரப் பழக்கம். சிங்கிளாக வாங்கிய பாட்டை ஆல்பத்தில் மறுபடி விற்பது பிரிட்டனில் மரியாதையில்லாத காரியம். அமெரிக்காவில் சிங்கிள் இல்லாத ஆல்பத்தை யார் வாங்குவார்கள்? டெக்காவின் அமெரிக்கக் கிளையான லண்டன் ரெக்கார்ட்ஸ் பாட்டுகளைக் குறைத்து, சிங்கிளைச் செருகி, அட்டையை மாற்றி வெளியிட்டது. 1966-ன் 'ஆஃப்டர்மேத்' பிரிட்டனில் 14 பாட்டு, அமெரிக்காவில் 11. அங்கே முதல் பாட்டு 'பெயின்ட் இட் பிளாக்', பிரிட்டனில் அந்தப் பாட்டே இல்லை. 1967 இறுதியில் வந்த 'தேர் சாட்டானிக் மெஜஸ்டீஸ் ரிக்வெஸ்ட்' தொடங்கித்தான் இரு கரையிலும் ஒரே பட்டியல்.

'பெயின்ட் இட்' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருந்ததாமே?

இருந்தது. 'பெயின்ட் இட், பிளாக்' என்று அச்சானதும் அது யாரையோ 'கருப்பா' என்று கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது, இனவெறியா என்றுகூடக் கேட்டார்கள். புள்ளி டெக்கா வைத்தது, எங்களுக்குத் தெரியாது என்பது ரிச்சர்ட்ஸின் பதில். அந்தப் பாட்டில் சித்தார் வாசித்தவர் குழுவின் இன்னொரு கிட்டார்க்காரர் பிரையன் ஜோன்ஸ். ராகம் எதையும் தேடாதீர்கள், கிட்டார்க்காரரின் கை அது. ஆனாலும் அந்தத் தந்தி ஒலி இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார்க்க முடியுமா?

டெக்காவோடு ஏன் கசந்தது?

அட்டைப்படத்திலிருந்து தொடங்கலாம். 1968-ல் 'பெகர்ஸ் பேங்க்வட்' ஆல்பத்துக்கு, சுவரெல்லாம் கிறுக்கிய ஓர் அழுக்குக் கழிப்பறைப் படத்தைக் கொடுத்தார்கள். டெக்கா மறுத்தது. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் அழைப்பிதழ் மாதிரி ஒரு வெள்ளை அட்டையோடு டிசம்பரில் வெளிவந்தது. கழிப்பறை பல ஆண்டுகள் கழித்து மறுபதிப்பில்தான் இடம்பிடித்தது.

1970-ல் ஒப்பந்தம் முடியும் நேரம், இன்னும் ஒரு சிங்கிள் பாக்கி இருக்கிறது என்று டெக்கா நினைவூட்டியது. ஜாகர் ஒரு பாட்டைப் பதித்து அனுப்பினார். 'ஸ்கூல்பாய் ப்ளூஸ்' என்று கௌரவமாகச் சொல்லலாம். புழக்கத்தில் இருக்கும் தலைப்பை இங்கே எழுத முடியாது, வரிகளையும்தான். வெளியிடவே முடியாதபடி வேண்டுமென்றே எழுதியது அது. கடன் தீர்ந்தது, தட்டு வரவில்லை. 1983-ல் ஜெர்மனியில் ஒரு பெட்டித் தொகுப்பில் தலைகாட்டியது, உடனே அதையும் நீக்கிவிட்டார்கள்.

டெக்காவும் சும்மா இருக்கவில்லை. 1971-ல் பழைய பாட்டுகளைத் திரட்டி 'ஸ்டோன் ஏஜ்' என்று ஒரு தட்டு போட்டது. அட்டையில் ஒரு கிறுக்கல் சுவர்! கழிப்பறை அட்டையை மறுத்தவர்கள் அதன் சாயலையே விற்றார்கள். இது எங்களைக் கேட்காமல் வந்தது, எங்கள் தரத்துக்குக் கீழானது என்று குழு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. தன் பெயரில் வந்த தட்டை வாங்காதீர்கள் என்று காசு கொடுத்து அச்சிடுவது எவ்வளவு எரிச்சலில் செய்கிற காரியம்!

நாக்குச் சின்னம் எப்போது வந்தது?

1971-ல், சொந்த லேபிளோடு, அதாவது சொந்த இசைத்தட்டு நிறுவனத்தோடு. ரோலிங் ஸ்டோன்ஸ் ரெக்கார்ட்ஸ் என்று பெயர், விநியோகம் அட்லாண்டிக் நிறுவனத்தின் மூலம். சின்னத்தை வரைந்த ஜான் பாஷ் அப்போது லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர், கூலி 50 பவுண்டு. ஜாகர் அவரிடம் காட்டியது நாக்கை நீட்டிய காளியின் படம். ஜாகரின் வாயைத்தான் வரைந்தார் என்று பலரும் நினைக்கிறார்கள், தொடக்கம் காளியில். அந்த மூல ஓவியத்தை 2008-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 92,500 டாலருக்கு வாங்கியது.

அந்த லேபிளின் முதல் ஆல்பம் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்'. ஓவியர் ஆண்டி வார்ஹாலின் யோசனைப்படி அட்டையில் நிஜமான ஜிப். அடுக்கி அனுப்பியபோது ஜிப் அழுத்தி மேலே இருந்த தட்டைக் கெடுத்தது. ஜிப்பைப் பாதி இறக்கி வைத்தார்கள், அப்போது வடு தட்டின் நடுவில் காகிதம் ஒட்டிய இடத்தில் விழுந்தது, பாட்டு பிழைத்தது. இதைவிட அழகான தொழில்நுட்பத் தீர்வு இசைத்தட்டு வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

'பிரவுன் சுகர்' சொந்த லேபிளில் வந்த பாட்டு. அது எப்படி ஆப்கோவின் தொகுப்பிலும் இருக்கிறது?

தேதியால். 'பிரவுன் சுகர்', 'வைல்ட் ஹார்சஸ்' இரண்டும் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில் 1969 டிசம்பரில் பதித்தவை. வெளிவந்தது 1971 என்றாலும் பதித்தபோது பழைய ஒப்பந்தம் உயிரோடு இருந்தது. அதனால் அவற்றில் இரு தரப்புக்கும் உரிமை. ஆப்கோவின் 'ஹாட் ராக்ஸ்' தொகுப்பு அவற்றோடு முடிவது அதனால்தான். 1972-ன் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' ஆல்பத்தில்கூடச் சில பாட்டுகள் பழைய காலத்தில் எழுதியவை என்று சொல்லி கிளைன் அவற்றின் வெளியீட்டு உரிமையை வாங்கிக்கொண்டார்.

'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' விவகாரம் என்ன?

1997-ல் த வெர்வ் குழுவின் பாட்டு. அதன் வயலின் சுழற்சி, ஓல்டமின் இசைக்குழு அறுபதுகளில் வாசித்த 'த லாஸ்ட் டைம்' வாத்திய வடிவத்திலிருந்து எடுத்தது. ஒலிப்பதிவுக்கு டெக்காவிடம் அனுமதி வாங்கினார்கள். பாட்டுக்கான உரிமை கிளைனிடம் இருந்தது. அவர் முழுப் பாட்டையும் கேட்டார். வரிகள் அனைத்தையும் எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் 1,000 டாலருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் இடத்தில் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்களும் ஏறின. 2019-ல் இருவரும் தங்கள் பங்கை ஆஷ்கிராஃப்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த வயலின் வரி 'த லாஸ்ட் டைம்' பாட்டில் அப்படியே இல்லை, அது டேவிட் விட்டேக்கர் வாத்தியங்களுக்கு எழுதியது. 'த லாஸ்ட் டைம்' பல்லவியோ ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிய ஒரு பக்திப் பாட்டிலிருந்து வந்தது, அதை ரிச்சர்ட்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் ஸ்டோன்ஸும் மற்றவர்களுக்கு இதையே செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். ரசிகர்கள் தாண்டிப்போக விரும்பும் கேள்வி இது. 'பெகர்ஸ் பேங்க்வட்'டில் உள்ள 'ப்ராடிகல் சன்' ப்ளூஸ் பாடகர் ராபர்ட் வில்கின்ஸின் பாட்டு. முதல் பதிப்பில் ஜாகர், ரிச்சர்ட்ஸ் பெயர்தான் இருந்தது. 'லவ் இன் வெய்ன்' இன்னொரு ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனுடையது, தட்டில் வுடி பேன் என்று வேறு பெயர். அந்தப் பாட்டு எவருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து என்று வாதாடியது ஆப்கோ. 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டில் பங்குள்ள மரியன் ஃபெய்த்ஃபுல்லின் பெயர் ஸ்டோன்ஸ் தட்டில் ஏற இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. கிளைனைத் திட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பிற்காலத்தில் ஜாக்கிரதை வந்தது. 1997-ல் 'எனிபடி சீன் மை பேபி' வெளியாகும் முன், இது பாடகி கே.டி. லாங்கின் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று ரிச்சர்ட்ஸின் மகள் சொன்னார். லாங், அவரோடு அதை எழுதிய பென் மிங்க் இருவரின் பெயரும் உடனே சேர்க்கப்பட்டன.

1971-க்குப் பிறகு எந்தெந்த நிறுவனங்கள்?

நாக்கு தொடர்ந்தது, விநியோகம் மாறியது. முதலில் அட்லாண்டிக். 1977-லிருந்து அமெரிக்காவுக்கு வெளியே இஎம்ஐ. 1983-ல் சிபிஎஸ்ஸோடு பெரிய ஒப்பந்தம். ஜாகர் அதே இடத்தில் தனி ஆல்பமும் போட, ரிச்சர்ட்ஸுக்கும் அவருக்கும் சண்டை மூண்டது. தொண்ணூறுகளில் வர்ஜின், 2008-லிருந்து யுனிவர்சல். இந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு ஆப்கோவைக் கேட்க வேண்டியதில்லை. 1995-ல் விண்டோஸ் 95 விளம்பரத்துக்கு 'ஸ்டார்ட் மி அப்' போனது அப்படித்தான்.

பழையதும் புதியதும் ஒரே தொகுப்பில் கிடைக்குமா?

2002-ன் 'ஃபார்ட்டி லிக்ஸ்', 2012-ன் 'கர்ர்!'. புதிதாகத் தொடங்குகிறவர் முதலாவதை எடுத்தால் போதும். இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

கையில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் தட்டைப் பார்த்து எப்படிக் காலம் சொல்வது?

டெக்காவில் மோனோ என்றால் சிவப்பு லேபிள், ஸ்டீரியோ என்றால் கருநீலம். டெக்கா என்ற பெயர் கட்டத்துக்குள் இருந்தால் 1970-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது. மஞ்சள் காகிதத்தில் சிவப்பு நாக்கு என்றால் சொந்த லேபிள்.

குழுவின் கதையில் முதலில் வரும் லேபிள் டெக்காதானா?

ஒப்பந்தத்தின்படி ஆமாம். ஆனால் 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் ரிச்சர்ட்ஸ், பழைய பள்ளித் தோழனான ஜாகரைப் பார்த்துப் பேசத் தொடங்கியதே ஜாகரின் கக்கத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்துத்தான். சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ். இரண்டு பேரும் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸ் பாடகர்கள். குழுவின் பெயரும் மடி வாட்டர்ஸ் 1950-ல் செஸ்ஸுக்குப் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலிருந்து வந்தது. 'இட்ஸ் ஆல் ஓவர் நவ்' பதித்தது செஸ் ஸ்டுடியோவில். 1971-ல் சொந்த லேபிள் தொடங்கியபோது அதை நடத்த அழைத்துவந்தது செஸ் நிறுவனரின் மகன் மார்ஷல் செஸ்ஸை. 2023 அக்டோபரில் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டை எடுத்துப் பாருங்கள்: ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும், ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன். அதே மடி வாட்டர்ஸ் பாட்டு.